கடைக்குப் பூட்டு உண்டு. சொத்துக்கு உயில் உண்டா?



இரவு கடையடைக்கும்போது கல்லாவை எண்ணிச் சிட்டையில் வரவு எழுதாமல் நம்மில் யாரும் சாவியைக் கையில் எடுப்பதில்லை. பத்து ரூபாய் குறைந்தாலும் திரும்ப எண்ணுகிறோம். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த மூட்டை எப்போது வந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். ஆனால் ‘உங்களுக்குப் பிறகு இந்தக் கடை யாருக்கு, வீடு யாருக்கு, கடன் யார் பொறுப்பு?’ என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். ‘வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நல்ல வார்த்தை பேசுங்கள்’ என்று வீட்டிலும் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

உயில் எழுதினால் ஆயுள் குறையாது. எழுதாமல் விட்டால் குடும்பத்தின் ஒற்றுமைதான் குறையும்.

திருத்தணி மலையடிவாரத்தில் நாம் அறிந்த ஒரு மளிகைக் கடை. பெயர் வேண்டாம். தந்தை முப்பது ஆண்டுகள் பாடுபட்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் கடைக் கட்டடமும் ஒரு கிடங்கும் வீடும் சேர்த்தவர். மூத்த மகன் இருபது ஆண்டுகளாக அவரோடு கடையில் நின்றவர். இளைய மகன் சென்னையில் வேலையில் இருக்கிறார். மகளை நகரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெரியவர் விவரம் தெரிந்தவர். ‘கடை மூத்தவனுக்கு, வீடு இளையவனுக்கு, கிடங்கு மகளுக்கு, அம்மாவை மூவரும் பார்க்கவேண்டும்’ என்று தம் கைப்படவே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை சாட்சிக் கையெழுத்து.

அந்த ஆண்டு ஆனி மாதம் அவர் திடீரென்று காலமானார். காரியங்கள் முடிந்து அந்தத் தாளை வழக்கறிஞரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “இரண்டாவது சாட்சி எங்கே?” என்பதுதான். இரண்டாவது சாட்சி இல்லை. ஆகவே அது உயிலே இல்லை. உயில் இல்லாதபோது சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. ‘நான் உழைத்த கடை’ என்றார் ஒருவர். ‘எனக்கும் பங்கு உண்டுதானே’ என்றார் மற்றவர். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடிகள் வந்துபோன நாட்களில் அந்தக் கடையின் கதவு மூடியிருந்தது. பருப்பில் வண்டு விழுந்தது. வாடிக்கை எதிர்க் கடைக்குப் போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தபோது கிடங்கை விற்றுத்தான் பங்கைக் கொடுக்க முடிந்தது. அண்ணனும் தங்கையும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பச்சையப்பர் காட்டிய பாடம்

வணிகர் எழுதிய உயிலுக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. திருவள்ளூர் மாவட்டம் பெரியபாளையத்தில் 1754-ஆம் ஆண்டு பிறந்தவர் பச்சையப்ப முதலியார். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். சென்னையில் பௌனி நாராயண பிள்ளையின் ஆதரவில் வளர்ந்து, துபாஷியாகவும் வணிகராகவும் பெரும்பொருள் ஈட்டினார். நாற்பது வயதில், 1794 மார்ச் மாதம் உடல்நலம் குன்றியபோது உயில் எழுதித் தம் பொருளைத் தர்மங்களுக்கு விட்டார். சில நாட்களில் காலமானார்.

உயில் இருந்தும் அவர் எண்ணியது உடனே நடக்கவில்லை. சொத்து வழக்குகளில் சிக்கியது; தர்மங்கள் நின்றுபோயின. பல ஆண்டுகள் கழித்து, அரசின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் எடுத்துக்கொண்ட முயற்சியால் நீதிமன்றத்தின் வழியாகப் பணம் மீட்கப்பட்டது. கோயில் தர்மங்கள் போக மிஞ்சிய தொகையில் 1842-ஆம் ஆண்டு பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து பச்சையப்பன் கல்லூரியாயிற்று.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். எழுதி வைத்ததால்தான் 48 ஆண்டுகள் கழித்தாவது அந்தப் பொருள் ஊருக்குப் பயன்பட்டது. ஆனால் எழுதுவது பாதி வேலைதான். எழுதியதை நிறைவேற்ற வழிசெய்வது மறுபாதி.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 2016 டிசம்பர் 5 அன்று மறைந்த முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா உயில் எழுதி வைத்ததாகத் தெரியவரவில்லை. அவருடைய அண்ணன் பிள்ளைகளை வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் அறிவித்தது. போயஸ் தோட்டத்து வீட்டின் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில். ஐந்து ஆண்டுகள்! ஐந்து ஆண்டு மூடிக்கிடந்தால் நம் கடை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உயில் இல்லாவிட்டால் சொத்து யாருக்கு?

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மறைந்த ஆணின் சொத்து அவர் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். தந்தை இந்த முதல் வரிசையில் இல்லை. கடையில் உழைத்த மகனுக்கென்று தனியாக எதுவும் சட்டத்தில் இல்லை. ‘சீர் செய்துவிட்டோம், மகளுக்குப் பங்கில்லை’ என்ற பேச்சும் எடுபடாது.

பூர்வீகச் சொத்திலும் அப்படியே. மணமாகாத மகள்களுக்கு அதில் பிறப்புரிமை தரும் சட்டத்தை ஆந்திரம் 1985 முதலும், தமிழ்நாடு 1989 முதலும் நடைமுறைப்படுத்தின. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், மணமானவர்கள் உட்பட எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை உண்டு. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் நீங்கள் உயிலில் எழுதலாம். பிள்ளைகளின் பங்கை எழுத முடியாது. சுயசம்பாத்தியத்தை உங்கள் விருப்பம்போல் எழுதலாம்.

கிறிஸ்தவ வணிகர்களுக்கு உயில் இல்லாதபோது பங்கு பிரியும் முறை வேறு. இசுலாமிய வணிகர்கள் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால், அது செல்ல மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு ஒருவருக்கே எழுதினாலும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும்.

செல்லத்தக்க உயில் எது?

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 59, 63-ஆம் பிரிவுகள். இதில் கேட்பது மிகக் கொஞ்சம்.

ஒன்று: எழுதுபவர் 18 வயது நிறைந்தவராக, நல்ல நினைவோடு இருக்கவேண்டும்.

இரண்டு: உயிலில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ இடவேண்டும்.

மூன்று: குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்கவேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்கவேண்டும். பிறகு அவர் முன்னிலையில் சாட்சியும் கையெழுத்திடவேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது.

அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தமிழிலோ தெலுங்கிலோ, உங்களுக்குப் புரியும் எந்த மொழியிலும் எழுதலாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த ஊர். அதற்கு முந்தைய பத்திரங்கள் பலர் வீட்டில் தெலுங்கில் இருக்கின்றன. வீட்டுப் பேச்சும் பல வீடுகளில் தெலுங்குதான். புரியாத மொழியில் யாரோ எழுதியதில் கையெழுத்திடுவதைவிட, தெரிந்த மொழியில் எழுதுவதே பிற்காலத்தில் உயிலைக் காப்பாற்றும். நகரியிலோ புத்தூரிலோ நிலம் இருந்தால் அதற்கென்று தனி உயில் தேவையில்லை. ஒரே உயிலில் இரு மாநிலச் சொத்தையும் எழுதலாம். சர்வே எண், கிராமம், மண்டலம், மாவட்டம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டால் போதும்.

சாட்சி யாராக இருக்கலாம்? சொத்துப் பெறுபவரும் அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் சாட்சியிட்டவருக்கு எழுதிய கொடை செல்லாது. இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் சந்தேகத்துக்கு இடம் தரும். உங்களைவிட வயதில் இளையவராக, உள்ளூரில் நிலையாக இருப்பவராகப் பாருங்கள். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றம் ஏறிச் சொல்லவேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எழுபது வயதுக்காரருக்கு எழுபது வயதுக்காரர் சாட்சியிட்டால் யார் யாருக்காகச் சாட்சி சொல்வது?

இன்னொரு எச்சரிக்கை. சொத்துப் பெறும் மகனே வழக்கறிஞரை அழைத்துவந்து, வாசகம் சொல்லி, சாட்சிகளையும் கூட்டிவந்தால் அந்த உயில் சந்தேகத்துக்கு உள்ளாகும். மைசூர் பகுதியிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1958-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. பயன்பெறுபவர் முன்னின்று நடத்திய உயிலில், சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அவருடையதே. ஆகவே நீங்களே முன்னின்று செய்யுங்கள். மருத்துவமனைப் படுக்கையில் அல்ல, நடமாடும்போதே செய்யுங்கள்.

பதிவு அவசியமா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்வது நல்லது என்பதே நம் கருத்து. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவுக் கட்டணம் மட்டும்தான். நடக்க முடியாதவர் தக்க காரணம் காட்டி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்தும் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் வேண்டாம். நீங்கள் உயிரோடிருக்கும்வரை அதன் நகல் உங்களுக்கோ உங்கள் அதிகாரம் பெற்றவருக்கோ மட்டுமே கிடைக்கும். எழுதிய உயிலை உறையில் இட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாக வைக்கவும் வழியுண்டு.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணவேண்டாம். பதிவான உயிலையும் சாட்சி வைத்தே நிரூபிக்கவேண்டும். பதிவான உயிலை, பிறகு பதிவு செய்யாமல் எழுதிய முறையான உயில்கூட ரத்து செய்துவிடும். கடைசியாக எழுதியதே செல்லும். அதனால் புது உயிலில் ‘இதற்கு முன் எழுதியவை அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி, தேதியும் இடுங்கள். பழைய உயிலில் அடித்துத் திருத்தினால், திருத்திய இடத்திலும் உங்கள் கையெழுத்தும் சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். புதிதாக எழுதுவதே எளிது.

சென்னை மாநகரில் உள்ள அசையாச் சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் ‘புரொபேட்’ பெறவேண்டும் என்பது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. திருத்தணிச் சொத்துக்கு அது முன்பும் கட்டாயம் இல்லை.

எது நம்முடையது, எது இல்லை?

வணிகர்கள் சறுக்கும் இடம் இதுதான். நம்முடையது இல்லாததை எழுதிவிடுகிறோம். நம்முடையதை எழுத மறக்கிறோம்.

மனைவி பெயரில் வாங்கிய வீடு மனைவியுடையது. அதை நீங்கள் எழுத முடியாது, அவர்தான் எழுதவேண்டும். ஆகவே வீட்டில் இரண்டு உயில் தேவைப்படும்.

கோயில் இடத்திலோ நகராட்சிக் கட்டடத்திலோ கடை வைத்திருப்பவர், அந்த இடத்தைச் சொந்தச் சொத்துபோல் எழுத முடியாது. வாடகை உரிமை வாரிசுக்கு மாறுவது அந்தந்த நிர்வாகத்தின் விதிப்படிதான். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு, அலமாரி, தராசு, குளிர்பெட்டி, கொடுத்த முன்பணம், வரவேண்டிய பாக்கி இவை உங்களுடையவை. இவற்றைத் தாராளமாக எழுதலாம்.

கூட்டு வியாபாரம் என்றால் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்குதாரர் மறைந்தாலே நிறுவனம் கலைந்துவிடும். உயிலில் எழுதக்கூடியது கணக்குத் தீர்த்து உங்களுக்கு வரவேண்டிய தொகையைத்தான்.

வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் கொடுத்திருக்கிறோமே என்பார்கள். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உடைமை வாரிசுகளுக்குத்தான். பங்குப் பத்திரங்களிலும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பின் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளை நியமித்தால் பணம் அவர்களுக்கே உரியது. உயிலும் நியமனமும் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனையும் மறைக்காதீர்கள். மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியது, கைமாற்று, புரோநோட்டு, நகை அடமானம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி உயிலோடு வையுங்கள். எந்தச் சொத்திலிருந்து எந்தக் கடனை அடைப்பது என்று உயிலிலேயே எழுதுங்கள்.

கடை நிற்காமல் நடக்க

உயிலில் நிறைவேற்றுநர் ஒருவரை நியமியுங்கள். பிள்ளைகள் அனைவரும் மதிக்கும், கணக்குத் தெரிந்த ஒருவர் போதும். அவர் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெயர் குறித்தவர் உங்களுக்கு முன்பே காலமாகிவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்றும் எழுதுங்கள். ‘மேலே விடுபட்டவையும், இனி நான் சேர்ப்பவையும் இன்னாருக்கு’ என்ற கடைசி வரியை மறக்கவேண்டாம். பாதி வழக்கு அந்த ஒரு வரியால் தீரும்.

உரிமங்களுக்குக் காலக்கெடு உண்டு. உரிமையாளர் மறைந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம் குடும்பத்தாருக்காக 90 நாட்கள் உயிரோடிருக்கும். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஜி.எஸ்.டி. எண் உரிமையாளரின் பான் எண்ணை ஒட்டியது. கடையைத் தொடரும் வாரிசு புதுப் பதிவு பெற்று, பழைய கணக்கிலுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் தம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கடையைத் தொடர்வது யார் என்பது உயிலில் தெளிவாக இருந்தால்தான் இந்த வேலைகள் உடனே நடக்கும்.

‘உயில் எதற்கு, இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறேன்’ என்பார் சிலர். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்ததும் சொத்து கைமாறிவிடும்; நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. கடைசிவரை கவனிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் ரத்து கோர வழியுண்டு. ஆனால் பெற்ற பிள்ளை மீது மனு கொடுக்கும் நிலை யாருக்கும் வேண்டாம். உயில் என்றால் கடைசி மூச்சு வரை சாவி உங்கள் இடுப்பில்தான்.

நண்பர்களே, நம் ஊரில் உகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் புதுக்கணக்குப் போடுகிறோம். பழைய பேரேட்டை எடுத்துப் பாக்கியை முன்கொண்டுவந்து எழுதுகிறோம். அதே நாளில் உயிலையும் வெளியே எடுத்துப் படியுங்கள். பேரன் பிறந்திருப்பான், ஒரு மனை வாங்கியிருப்பீர்கள், ஒரு சாட்சி காலமாகியிருப்பார். மாற்றம் இருந்தால் புதிதாக எழுதுங்கள். உயில் இருக்கும் இடத்தை மனைவியிடமும் நிறைவேற்றுநரிடமும் சொல்லிவையுங்கள். இதுவரை எழுதாதவர்கள் புதுக்கணக்கு நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம். வருகிற விடுமுறை நாளில் சொத்துப் பட்டியலைப் போடுங்கள். நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். இரண்டு நண்பர்களை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு பேர். ஒருவர் போதாது.